எப்படிக் கேட்கிறது என்று எழுதுங்கள்

கணினி ஒலிப்பதிவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கணினியில் குரலோ இசையோ பதிவு செய்கிறவர்களின் கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு குறை சொல்லியாக வேண்டும். கணினியின் மாடல், நினைவகம் எத்தனை ஜி.பி., மென்பொருளின் பதிப்பு எண் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறீர்கள். பதிவு காதுக்கு எப்படி இருக்கிறது என்ற இடத்தில் மட்டும் ‘சரியில்லை’ என்று முடித்துக்கொள்கிறீர்கள். மருத்துவரிடம் போய் வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டு, எங்கே வலிக்கிறது என்பதைச் சொல்லாமல் வந்தால் அவர் என்ன செய்வார்? உர்ரென்று உறுமுகிறதா, உஸ்ஸென்று இரைகிறதா, கரகரக்கிறதா, சடசடக்கிறதா? அதை எழுதுங்கள். பதிப்பு எண் எனக்கு வேண்டாம்.

கேள்வி: சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்கிறேன். மேடையில் பயன்படுத்தும் மைக் ஒன்று கிடைத்தது. அதை ஒரு கேபிள் வழியாக நேரே கணினியில் செருகியிருக்கிறேன். ஹெட்போனில் என் குரல் கேட்கிறது. தோழிக்கு அனுப்பினால் ‘வெறும் கோப்பை அனுப்பியிருக்கிறாய்’ என்கிறாள். அவளுடைய கைபேசியில் மற்ற பாட்டெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. பழுது எங்கே?

பதில்: இந்த முறை வந்த கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான் அம்மா. என்ன கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் இணைத்திருந்த கோப்பை என் கைபேசியில் போட்டேன். நேரம் ஓடுகிறது, மூச்சுச் சத்தம்கூட இல்லை. கணினியில் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கினேன். மேலே இடது டிராக், கீழே வலது டிராக். இடதில் எங்கெல்லாம் மேடு எழுகிறதோ அங்கெல்லாம் வலதில் அதே அளவுக்குப் பள்ளம் விழுகிறது. ஒன்று மற்றொன்றின் தலைகீழ்.

காரணம் அந்தக் கேபிள். மேடை மைக்கின் மூன்று முனைச் செருகியில், ஒன்று தரை இணைப்பு. மற்ற இரண்டிலும் ஒரே குரல்தான் போகிறது, ஒன்றில் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. மைக்குக்கென்றே உள்ள கருவி இந்த இரண்டின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும். அப்போது கேபிள் வழியில் இரண்டு கம்பிகளிலும் ஒரே மாதிரி ஒட்டிக்கொண்ட இரைச்சல் கழிந்துபோகும், குரல் மட்டும் நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் உங்கள் கணினியின் 3.5 மி.மீ. துளைக்கு இந்த ஏற்பாடு தெரியாது. செருகியின் நுனியில் வருவதை இடது என்றும், அடுத்த வளையத்தில் வருவதை வலது என்றும் எடுத்துக்கொள்கிறது. ஆக, இடதில் உங்கள் குரல், வலதில் அதே குரல் தலைகீழாக.

ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தனித்தனியாகக் கேட்பதால் குரல் இருக்கிறது. ஆனாலும் கவனித்துக் கேளுங்கள், குரல் நெற்றிக்கு நேரே நிற்காமல் இரண்டு பக்கமும் பரந்து, எங்கிருந்து வருகிறது என்று பிடிபடாமல் இருக்கும். தோழியின் கைபேசி ஒற்றை ஸ்பீக்கருக்காக இடதையும் வலதையும் கூட்டுகிறது. மேடும் பள்ளமும் கூடினால் பூஜ்யம்.

இதுவரை பதிவு செய்த கதைகள் எதுவும் வீணாகவில்லை. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் டிராக்கின் பெயரைத் தட்டினால் வரும் மெனுவில் ‘ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ’ என்று இருக்கும். அதைக் கொடுத்து இரண்டாகப் பிரித்து, ஒன்றை அழித்துவிட்டு, மீதியை மோனோவாக, அதாவது ஒற்றை டிராக்காக, சேமியுங்கள். பிரிக்காமல் ‘மிக்ஸ்’ செய்து மோனோ ஆக்கிவிடாதீர்கள். கைபேசி செய்த அதே கூட்டலைக் கணினியும் செய்து, நிரந்தரமாக ஒரு வெற்றுக் கோப்பைக் கையில் கொடுத்துவிடும். இனிமேல் பதிவு செய்வதற்கு, மூன்று முனைச் செருகியை நேராக ஏற்று, ஒலியைக் கணினிக்குக் கொண்டுபோகும் யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற கருவி ஒன்று தேவை. அதுவரை இப்போதுள்ள கேபிளே போதும், ஒவ்வொரு முறையும் ஒரு பக்கத்தை அழித்துக்கொண்டிருந்தால்.

கேள்வி: இடது காதில் மட்டும்தான் பதிவாகிறது. மைக் புதிது, இன்டர்ஃபேஸும் புதிது.

பதில்: இரண்டிலும் பழுதில்லை. மைக் ஒன்று, அதை முதல் துளையில் செருகியிருக்கிறீர்கள், மென்பொருளோ ஸ்டீரியோவில் இருக்கிறது. முதல் துளை இடது, இரண்டாவது வலது என்று அது பிரித்துப் பதிகிறது. டிராக்கை மோனோவாக வைத்து, உள்ளீடாக முதல் துளையைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: மைக் வாங்கி மேசையில் வைத்துப் பேசுகிறேன். குரல் சன்னமாகப் பதிவாகிறது. விண்டோஸில் மைக்ரோபோன் பூஸ்டை 30 டெசிபல் வரை ஏற்றினேன். குரலோடு உஸ்ஸென்ற இரைச்சலும் ஏறிவிட்டது. குரலும் ஏதோ குகைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது.

பதில்: எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பதிவை ஓடவிட்டு, புதிய மைக்கின் வலையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். பிறகு மடிக்கணினியின் திரைக்கு மேலே, கேமராவின் பக்கத்தில், ஊசிமுனை அளவு துளை இருக்கும், அதையும் சுரண்டுங்கள். சில மாடல்களில் அது விசைப்பலகைக்கு அருகில் இருக்கும். பதிவைத் திரும்பப் போட்டால், எந்தச் சுரண்டல் கரகரவென்று காதைக் குடைகிறதோ அதுதான் உண்மையில் பதிவு செய்துகொண்டிருக்கும் மைக். விலை கொடுத்து வாங்கிய மைக்கின் முன் உட்கார்ந்து மாதக்கணக்கில் மடிக்கணினியின் சொந்த மைக்கில் பதிவு செய்துகொண்டிருக்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ‘குகை’ என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் முதலில் வருகிறது. மென்பொருளின் அமைப்பில் உள்ளீட்டுக் கருவியைப் பெயர் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

சரியான மைக்தான் என்று தெரிந்தால், அடுத்தது தூரம். பூஸ்ட் குரலுக்கும் இரைச்சலுக்கும் வேற்றுமை பார்க்காது, இரண்டையும் சேர்த்தே தூக்கும். கிட்டே போனால் குரல் மட்டும் ஏறும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் பாதியானால் நேராக வரும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் கூடும். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தவர் 15 செ.மீ.க்கு வந்தால் 12 டெசிபல், ஒரு பொத்தானையும் தொடாமல். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண், அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவு, பேச்சுக்கு இதுவே நல்ல தூரம். சுவரில் பட்டுத் திரும்பி வரும் குரல் அப்படியே இருக்க, நேரான குரல் மட்டும் கூடுவதால் குகையும் பெரும்பாலும் காணாமல் போகும்.

இன்னொன்று. உங்கள் மைக் நிமிர்ந்து நிற்கும் தடித்த வகையா? அவற்றில் பல, பக்கவாட்டில் பேச வேண்டியவை. மேல்முனையில் பேசினால் பாதிக் குரல்தான் சேரும். நிறுவனத்தின் முத்திரை இருக்கும் பக்கம்தான் பெரும்பாலும் முன்பக்கம்.

கிட்டே வந்தபின் லெவலைச் சரிசெய்யுங்கள். கதையில் உரக்க வரும் இடத்தை, பதிவில் எப்படி வாசிப்பீர்களோ அப்படியே உரக்க வாசியுங்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று மெதுவாக எண்ணி லெவல் வைப்பது பயனில்லாத வேலை. லெவல் காட்டும் முள் அதிகபட்சமாக –12 டெசிபலுக்கும் –6 டெசிபலுக்கும் இடையில் நின்றால் போதும். பூஜ்யத்தைத் தொட்டால் அதற்கு மேல் எழுத எண்ணே இல்லை, அலையின் உச்சி தட்டையாக வெட்டுப்பட்டுக் கரகரக்கும். அப்படி வெட்டுப்பட்டதை ஒலியைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. குறைந்த ஒலியில் கரகரக்கும், அவ்வளவுதான்.

கேள்வி: மடிக்கணினி, யூ.எஸ்.பி. இன்டர்ஃபேஸ், ஒரு மிக்ஸர். பதிவில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். மைக்கை மாற்றினேன், கேபிளை மாற்றினேன், மென்பொருளையும் மாற்றிவிட்டேன். போகவில்லை.

பதில்: சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் பதிவு செய்து பாருங்கள். இவ்வளவு மாற்றியவர் இதை மட்டும் விட்டுவைத்திருக்கிறீர்கள்.

உறுமல் நின்றுவிட்டால் அது மின்சாரத்தின் குரல். வீட்டு மின்சாரம் நாட்டைப் பொறுத்து விநாடிக்கு 50 அல்லது 60 முறை ஊசலாடுகிறது, அந்தச் சுருதியிலும் அதன் மடங்குகளிலும்தான் இந்த உறுமல் இருக்கும். மடிக்கணினிக்கு ஒரு தரை இணைப்பு, மிக்ஸருக்கு வேறொரு பிளக்கில் வேறொரு தரை இணைப்பு, இரண்டையும் இணைக்கும் ஆடியோ கேபிள். இப்படி ஒரு வளையம் உண்டாகி, அதில் ஓடும் சிறு மின்னோட்டம் ஒலியாகிவிடுகிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் மிக்ஸருக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் ஒலிக்கான தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். பிளக்கின் தரை முனையை உடைத்துவிடச் சொல்லி யாராவது யோசனை தருவார்கள். உறுமல் நிச்சயம் போகும், கருவியில் கசிவு ஏற்படும் நாளில் உயிரும் போகலாம். செய்யாதீர்கள்.

பேட்டரியிலும் உறுமினால், மைக்கின் உலோக உடலைக் கையால் தொடுங்கள். தொட்டவுடன் உறுமல் கூடினாலோ குறைந்தாலோ, கேபிளுக்குள் மற்றக் கம்பிகளைச் சுற்றி இரைச்சலைத் தடுக்கும் உறைக்கம்பி எங்கோ விட்டுப்போயிருக்கிறது. உறுமலாக இல்லாமல் கீச்சென்ற மெல்லிய ஒலியாக இருந்து, மவுஸை நகர்த்தும்போது அதுவும் சேர்ந்து ஏறி இறங்கினால், கணினியின் உள்மின் இரைச்சல் யூ.எஸ்.பி. வழியாக வருகிறது என்று பொருள். வேறு துளையில் செருகிப் பாருங்கள், அல்லது தனி மின்சாரம் உள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றை இடையில் வையுங்கள்.

கேள்வி: ஒரு மணி நேரச் சொற்பொழிவு. பதிவைத் திறந்தால் 55 நிமிடங்கள்தான் இருக்கின்றன. பேச்சாளர் சிறுவனைப்போலப் பேசுகிறார். ஐந்து நிமிடங்கள் எங்கே போயின?

பதில்: எங்கும் போகவில்லை. கணக்குப் போட்டால் 55 நிமிடம் 7 விநாடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ஒலியை விநாடிக்கு 44,100 முறை அளந்து, அத்தனை மாதிரிகளாகப் பதிந்ததை உங்கள் மென்பொருள் 48,000 என்று நினைத்துக்கொண்டு வேகமாக ஓட்டுகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும், அதுதான் சிறுவன் குரல். டிராக் மெனுவில் ‘ரேட்’ என்ற இடத்தில் 44,100 என்று மாற்றுங்கள். ‘ரீசாம்பிள்’ என்பதைத் தொடாதீர்கள், அது தவறான வேகத்தையே உறுதிப்படுத்திவிடும். இனி கணினியின் ஒலி அமைப்பிலும் இன்டர்ஃபேஸிலும் மென்பொருளிலும் ஒரே எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். வீடியோவோடு சேர்ப்பதானால் 48,000.

கேள்வி: ப்ளூடூத் ஹெட்போனில் பாட்டு அருமையாகக் கேட்கிறது. பதிவுப் பொத்தானை அழுத்திய உடனே எல்லாம் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது.

பதில்: அதன் மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பழைய ப்ளூடூத் முறையில் ஒலியைக் கேட்க ஒரு வழி, இரு பக்கமும் பேச வேறு வழி. பேசும் வழியில் விநாடிக்கு 8,000 அல்லது 16,000 மாதிரிகள்தான் போகும். மைக் திறந்தவுடன் கேட்கும் ஒலியும் அந்த வழிக்கு மாறிவிடுகிறது. வேறு எந்த மைக்கை வைத்தாலும் இது சரியாகிவிடும். ஆனால் பதிவு செய்யும்போது நான் கம்பி ஹெட்போனைத்தான் பயன்படுத்துவேன். காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது.

கேள்வி: முதலில் கிதார் வாசித்துப் பதிந்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டே பாடுகிறேன். என் குரல் ஹெட்போனில் கொஞ்சம் தாமதமாக வந்து, பாட விடாமல் குழப்புகிறது. பஃபரை 64 ஆகக் குறைத்தேன். தாமதம் போய்விட்டது, ஆனால் சடசடவென்று வெடிக்கிறது.

பதில்: பஃபர் என்பது கணினி ஒரு கை அள்ளும் மாதிரிகளின் எண்ணிக்கை. 48,000 வேகத்தில் 1,024 மாதிரி என்றால் 21 மில்லி விநாடி. உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை, கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரின் பங்கு கொஞ்சம். எல்லாம் சேர்ந்தால் பாடகருக்குத் தெரிந்துவிடும். 64 என்றால் 1.3 மில்லி விநாடி. அதற்குள் கணினி வேலையை முடிக்க வேண்டும். முடியாத ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன ஓட்டை விழுகிறது, அந்த ஓட்டைதான் சடசடப்பு. 128, 256 என்று ஏற்றிச் சடசடப்பு நிற்கும் இடத்தில் விடுங்கள். விண்டோஸாக இருந்தால் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டைன்பெர்க் நிறுவனம் வகுத்த முறை அது, இன்டர்ஃபேஸுக்கும் மென்பொருளுக்கும் நடுவில் விண்டோஸின் கலவை வேலையைத் தவிர்த்துவிடும்.

ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இதெல்லாம் சுற்றுவழி. இன்டர்ஃபேஸில் ‘டைரக்ட் மானிட்டர்’ என்று ஒரு பொத்தானோ திருகியோ இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குள் போய்த் திரும்பாமல் நேரே ஹெட்போனுக்கு வந்துவிடும். பிறகு மென்பொருளில் உங்கள் குரலைத் திருப்பிக் கேட்கவைக்கும் ‘மானிட்டர்’ வசதியை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் குரல் இரண்டாகக் கேட்கும். பஃபர் 1,024ஆகவே இருக்கட்டும். ப்ளூடூத் ஹெட்போனில் இந்த வசதியெல்லாம் கிடையாது, தாமதமும் இதைவிடப் பல மடங்கு.

கேள்வி: இணையவழியில் வயலின் கற்றுக்கொடுக்கிறேன். நீண்ட சுரம் ஒன்றை இழுத்தால், ஆரம்பம் கேட்கிறது, பிறகு தேய்ந்து மறைந்துவிடுகிறது என்கிறார்கள் மாணவர்கள். வகுப்பின் பதிவிலும் அப்படித்தான்.

பதில்: வீடியோ அழைப்புச் செயலிகளின் இரைச்சல் நீக்கி பேச்சை மட்டுமே மதிக்கும். மாறாமல் நீளும் எந்த ஒலியும் அதற்கு மின்விசிறிதான். உங்கள் வில்லின் சீர்மை எந்த அளவுக்கு உயர்கிறதோ அந்த அளவுக்கு அது உங்களை அழிக்கும். ஒரு வகையில் பாராட்டு. செயலியின் ஒலி அமைப்பில் இசைக்கான நிலை அல்லது ‘ஒரிஜினல் சவுண்ட்’ என்று இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் இரைச்சல் நீக்கம், தானியங்கி லெவல் இரண்டையும் அணையுங்கள். விண்டோஸில் மைக்கின் பண்புகளில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ தனியாக இருக்கும், அதையும் அணைக்க வேண்டும். பதிவு தரமாக வேண்டுமென்றால் செயலியை நம்பாமல் உங்கள் கணினியில் தனியாக ஒரு பதிவை ஓடவிடுங்கள்.

கேள்வி: அறையில் எதிரொலி. மென்பொருளில் இரைச்சல் நீக்கத்தை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். எதிரொலி அப்படியே இருக்கிறது, குரல் மட்டும் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகிவிட்டது. சுவரில் பஞ்சு ஒட்ட வேண்டுமா?

பதில்: இரைச்சல் நீக்கம் வேறு நோய்க்கான மருந்து. மாறாத இரைச்சலின் மாதிரியை, யாரும் பேசாத சில விநாடிகளிலிருந்து எடுத்துக்கொண்டு, அதைக் குரலிலிருந்து கழிப்பது அது. எதிரொலி உங்கள் குரலேதான், சற்றுத் தாமதமாக வந்த குரல். அதைக் கழிக்கப் போனால் நீங்களும் சேர்ந்து கழிகிறீர்கள். எதிரொலியைக் குறைக்கவென்றே இப்போது செயலிகள் வந்திருக்கின்றன. அவற்றில் சில உண்மையிலேயே கெட்டிக்காரச் செயலிகள், ஆனால் கதை வாசிக்கும் குரலில் உள்ள மூச்சையும் கடைசி மெய்யெழுத்தையும் தின்றுவிடும். எனக்குப் பிடிப்பதில்லை.

மெல்லிய பஞ்சுப் பலகைகளும் வேண்டாம். அவை உச்ச ஒலியை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழ் ஒலியை அப்படியே விட்டுவிடும். அறை மூக்கடைத்ததுபோல் கேட்கும். துணி நிறைந்த அலமாரியைத் திறந்துவைத்து, அதற்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மைக் உங்களைப் பார்க்கிறது. அப்படியானால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருப்பதையும் அது பார்க்கிறது. அங்கிருந்து திரும்பி வரும் ஒலியைத்தான் முதலில் அடக்க வேண்டும். பலர் மைக்குக்குப் பின்புறம் போர்வையைக் கட்டிவிட்டுத் தம் முதுகுக்குப் பின்னால் வெறுஞ்சுவரை விட்டுவிடுகிறார்கள். தடித்த போர்வையைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளித் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. வெறும் மேசைப் பரப்பிலும் ஒரு துண்டை விரியுங்கள். கைதட்டிப் பாருங்கள். தட்டியபின் ‘ட்ரிங்’ என்று ஒரு வால் நீள்கிறதா? அந்த வால் போகும் வரை துணியைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

கேள்வி: நேற்று வரை பதிவானது. இன்று அலைவடிவம் நேர்க்கோடு.

பதில்: முழுக்க நேர்க்கோடு, ஒரு சின்னத் துடிப்புகூட இல்லை என்றால், பெரும்பாலும் மைக்கைப் பயன்படுத்த மென்பொருளுக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. மேக்கில் 2018இல் வந்த மொஹாவி முதல், ஒவ்வொரு செயலிக்கும் மைக் அனுமதி தனியாகத் தர வேண்டும். விண்டோஸிலும் தனியுரிமை அமைப்பில் மைக்ரோபோன் என்ற பகுதி உண்டு. இயங்குதளம் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் இதை முதலில் பாருங்கள். கோட்டில் மெல்லிய நடுக்கம் இருந்தால் வேறு கதை. இயங்க மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக்கானால், அதைத் தரும் 48 வோல்ட் பொத்தான் இன்டர்ஃபேஸில் அணைந்திருக்கலாம்.

கேள்வி: நேர்காணலில் எதிரில் இருப்பவரை ஒரு கருவியிலும் என்னை என் கணினியிலும் பதிவு செய்கிறேன். ஆரம்பத்தில் இரண்டையும் பொருத்தி வைத்தால் முடிவில் விலகிப்போகிறது.

பதில்: இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகினாலே ஒரு மணி நேரத்தில் 0.18 விநாடி விலகும், உதடும் குரலும் ஒட்டாமல் போக அது தாராளம். பதிவின் தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டுங்கள், முடிக்கும்போது இன்னொரு முறை. இரண்டு தட்டல்களுக்கும் இடையிலான நீளத்தை இரு டிராக்குகளிலும் அளந்து, சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் கருவியால் ஒன்றை மற்றதன் அளவுக்கு இழுத்துவிடலாம். அது வேண்டாமென்றால், அவர் யோசிக்க நிறுத்தும் இடங்களில் வெட்டி, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சிறிது நகர்த்திக்கொண்டே போங்கள்.